கழுவப்படாத சுருள்கள்

நுழையும்முன்

பொருள்கள் வழக்கொழிவது உலகில் புதிதன்று. ஆட்டுரலும் அரிக்கேன் விளக்கும் நம் கண்முன்னே வழக்கிழந்தன. எனினும், மூலையில் கிடக்கும் ஆட்டுரலில் இன்றும் மாவரைக்கலாம். எண்ணெய் ஊற்றித் திரியிட்டால் அரிக்கேன் விளக்கு இன்றும் எரியும். செய்தவர் கைவிட்டால் தன் பயனையே இழந்துவிடும் பொருள்களும் சில உண்டு. அவற்றுள் ஒன்றான ஒளிப்படச்சுருளைப் பற்றியும், எழுபத்தைந்து ஆண்டுகள் உலகின் நிறங்களைப் பதிவுசெய்து மறைந்த ‘கோடாக்ரோம்’ என்னும் சுருளைப் பற்றியும் இப்பாடம் பேசுகிறது.

உள்ளுறைப் படிமம்

திருமணமோ திருவிழாவோ முடிந்தபின், கேமராவிலிருந்து எடுத்த சுருளை ஊரிலுள்ள ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டுப் படத்துக்காகச் சில நாள் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ‘பிலிம் கழுவியாயிற்றா?’ என்பது அக்காலத்தின் அன்றாட வினாக்களுள் ஒன்று. கழுவுதல் என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் இத்தொழிலுக்கு எடுத்துக்கொண்டது எண்ணிப் பார்க்கத்தக்கது. பிற இடங்களில் கழுவினால் கறை போகும். இங்கே கழுவினால் உருவம் வரும்.

படச்சுருளின் மேற்பூச்சு, ஜெலட்டினில் வெள்ளி உப்புகளின் நுண்படிகங்கள் கலந்த பால்மம் ஆகும். கேமராவின் கதவு ஒரு நொடியின் சிறு பகுதியளவு திறந்து மூடும்போது, ஒளிபட்ட படிகங்களில் மட்டும் சில வெள்ளி அணுக்கள் தோன்றுகின்றன. அவை எந்தக் கண்ணுக்கும் புலப்படா. கழுவுவதற்கு முன் சுருளை வெளியே எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றும் தெரியாது; பார்த்த அக்கணமே படமும் பாழாகும். இவ்வாறு மறைந்து நிற்பதை உள்ளுறைப் படிமம் என்பர். சங்கச் செய்யுளின் உள்ளுறையைப் போலவே, அறிந்தவர் கைப்பட்டால்தான் இதுவும் வெளிப்படும்.

படமெடுத்தல், கழுவுதல் ஆகிய இரண்டையும் தொடக்ககால ஒளிப்படக்காரர் தாமே செய்தனர். இவ்விரண்டையும் பிரித்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலிருந்து 1888ஆம் ஆண்டு அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடாக் கேமராவில் நூறு படம் எடுக்கக்கூடிய சுருள் ஒன்று முன்னரே பொருத்தப்பட்டிருந்தது. சுருள் முடிந்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். நிறுவனம் சுருளைக் கழுவிப் படங்களை அச்சிட்டு, புதுச்சுருள் பொருத்திக் கேமராவைத் திருப்பி அனுப்பும். பொத்தானை அழுத்தத் தெரிந்த எவரும் ஒளிப்படக்காரர் ஆகலாம் என்னும் நிலை இவ்வாறு பிறந்தது. அதே வேளையில், தாம் எடுத்த படத்தைக் காண்பதற்கு மக்கள் வேறொருவரைச் சார்ந்திருக்க வேண்டிய நிலையும் பிறந்தது. இச்சார்பின் உச்சத்தில் நின்ற சுருள்தான் கோடாக்ரோம்.

இசை அறிந்த இருவர்

கோடாக்ரோமை உருவாக்கிய இருவரும் தொழில்முறை இசைக்கலைஞர்கள். லியோபோல்டு மேன்னஸ் பியானோ வாசிப்பவர். அவருடைய பெற்றோர் நியூயார்க்கில் இசைப்பள்ளி நடத்தியவர்கள். லியோபோல்டு கோடாஃப்ஸ்கி வயலின் வாசிப்பவர். புகழ்பெற்ற பியானோக் கலைஞர் ஒருவரின் மகன். பெயரும் ஒன்று, ஆர்வமும் ஒன்று என அமைந்த இவ்விருவரும் பள்ளிக் காலம் முதலே நண்பர்கள். 1917ஆம் ஆண்டு இருவரும் வண்ணத் திரைப்படம் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒன்றைக் காணச் சென்றனர். அதன் நிறங்கள் அவர்களுக்கு நிறைவு தரவில்லை. இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று இளமைக்குரிய துணிவோடு எண்ணித் தங்கள் வீட்டுக் குளியலறையிலும் சமையலறைத் தொட்டியிலும் சோதனைகளைத் தொடங்கினர்.

கச்சேரிகளுக்கும் இசைப்பாடங்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நடந்த இம்முயற்சி, 1922இல் கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத் தலைவர் கென்னத் மீஸின் பார்வைக்கு வந்தது. அவர் தேவையான தகடுகளைச் செய்தளித்து உதவினார். 1930இல் இருவரையும் ராச்செஸ்டருக்கே அழைத்துக்கொண்டார். அங்கே பட்டம் பெற்ற வேதியியலாளர் நடுவே இவர்கள் வேலை செய்தனர். இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாது. ஆதலால், பிராம்ஸ் இயற்றிய சிம்பொனி ஒன்றின் இறுதிப் பகுதியைச் சீட்டியடித்து, அதன் தாளத்தைக் கொண்டே கரைசலில் சுருள் கிடக்கவேண்டிய நேரத்தைக் கணக்கிட்டனர் என்று சொல்லப்படுகிறது. தாளம் பிசகாமல் நேரம் அளப்பது இசைக்கலைஞருக்கு இயல்பான திறன்; ஆய்வுக்கூடத்தில் பிறர் அதைக் கண்டு நகைத்திருக்கலாம்.

1935இல் கோடாக்ரோம் முதலில் 16 மி.மீ. திரைப்படச் சுருளாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே வீட்டுத் திரைப்படக் கேமராக்களுக்கான 8 மி.மீ. சுருளும் ஒளிப்படக் கேமராக்களுக்கான 35 மி.மீ. சுருளும் வந்தன. முதல் மூன்றாண்டுச் சுருள்களின் நிறம் விரைவில் மங்கியது. 1938இல் கழுவும் முறையை அடியோடு மாற்றிய பின்னரே கோடாக்ரோம் தன் பெயருக்குரிய நிலைப்பைப் பெற்றது.

மூன்று அடுக்கு

ஏனைய வண்ணச் சுருள்களுக்கும் கோடாக்ரோமுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. அதை அறியாமல் அதன் முடிவையும் அறிய இயலாது.

வண்ணச் சுருள் எதுவாயினும் அதில் மூன்று பால்ம அடுக்குகள் இருக்கும். மேலடுக்கு நீல ஒளியையும், நடு அடுக்கு பச்சை ஒளியையும், கீழடுக்கு சிவப்பு ஒளியையும் பதிவுசெய்யும். பதிவு மட்டும் நிறமாகிவிடாது. ஒவ்வோர் அடுக்கிலும் உரிய சாயம் உண்டாக வேண்டும். அச்சாயத்தை உண்டாக்கும் வேதிப்பொருளை எங்கே வைப்பது என்பதே கேள்வி. ஜெர்மனியின் ஆக்பா நிறுவனம் 1936இல் வெளியிட்ட சுருளில் அப்பொருள்களை அந்தந்த அடுக்கிலேயே கலந்து வைத்தது. பின்னர் வந்த வண்ணச் சுருள்கள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றின. இத்தகைய சுருளைக் கழுவுவது ஓரளவு எளிது. வேண்டியவை எல்லாம் சுருளுக்குள்ளேயே உள்ளன. கரைசல் அவற்றைத் தூண்டிவிட்டால் போதும்.

மேன்னஸும் கோடாஃப்ஸ்கியும் வேறு வழி சென்றனர். கோடாக்ரோம் சுருளில் சாயம் உண்டாக்கும் பொருள் ஒரு துளியும் இல்லை. நிறம் பிரித்தறியும் மூன்று கருப்பு வெள்ளைப் பூச்சுகளின் அடுக்கு என்றே அதைச் சொல்லலாம். நிறம் முழுவதும் கழுவும் இடத்தில்தான் சேர்க்கப்பட்டது. கூடுதல் பொருள் இல்லாததால் அடுக்குகள் மெல்லியனவாக அமைந்தன. படம் கூர்மையாக விழுந்தது. அந்தக் கூர்மைக்கு ஈடாகக் கழுவும் வேலை கடினமாயிற்று.

1970களில் வந்து இறுதிவரை நிலைத்த ‘கே-14’ முறையில் அவ்வேலை எவ்வாறு நடந்தது என்பதைச் சுருக்கமாகக் காணலாம். முதலில் சுருளின் பின்புறத்துக் கரும்பூச்சு நீக்கப்படும். அடுத்து, முதல் கரைசல் மூன்று அடுக்குகளிலும் ஒளிபட்ட படிகங்களைக் கரிய வெள்ளியாக மாற்றும். ஒளிபடாத படிகங்கள் எஞ்சி நிற்கும். இறுதிப்படம் உருவாவது இந்த எச்சத்திலிருந்துதான். இப்போது சுருளின் அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு ஒளி பாய்ச்சப்படும். கீழடுக்கின் எச்சம் மட்டும் அவ்வொளியை ஏற்கும். அதற்கு வெளிர்நீலமான சயான் சாயம் ஏற்றப்படும். பின்னர் மேற்பக்கத்திலிருந்து நீல ஒளி. மேலடுக்குக்கு மஞ்சள் சாயம். எஞ்சிய நடு அடுக்கை வேதிப்பொருளால் தூண்டி, மெஜந்தா என்னும் கருஞ்சிவப்புச் சாயம் ஏற்றுவர். முடிவில் வெள்ளி முழுவதும் கரைத்து நீக்கப்படும். சாயங்கள் மட்டும் நிற்கும்.

எடுத்துக்காட்டாக, சிவப்புச் சேலை உடுத்திய ஒருவரைப் படமெடுத்ததாகக் கொள்வோம். சேலையிலிருந்து வந்த சிவப்பொளி கீழடுக்கில் மட்டும் பதிந்தது. முதல் கரைசலில் அவ்விடத்துப் படிகங்கள் தீர்ந்துவிட்டன. ஆதலால் அங்கே சயான் சாயம் உண்டாகவில்லை. ஒளிபடாத மற்ற இரண்டு அடுக்குகளிலும் மஞ்சளும் மெஜந்தாவும் உண்டாயின. இவ்விரண்டின் வழியே விளக்கொளி ஊடுருவும்போது மீண்டும் சிவப்பே திரையில் விழுகிறது.

கரைசலின் வெப்பநிலையோ அடர்த்தியோ சிறிது பிறழ்ந்தாலும் நிறம் திரிந்துவிடும். நீளமான எந்திரமும், ஓயாது கரைசல்களைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற வேதியியலாளரும், நாள்தோறும் வந்து குவியும் சுருள்களும் இருந்தால்தான் இக்கூடம் நடக்கும். கருப்பு வெள்ளைச் சுருளைச் சிற்றூர் ஸ்டுடியோக்காரர் தம் இருட்டறையிலேயே கழுவினார். கோடாக்ரோமை அவ்வாறு கழுவ அவரால் இயலாது.

நிறம் காத்த சுருள்

இவ்வளவு இடையூறு இருந்தும் உலகம் அதை விரும்பியது. வேண்டிய நிறத்தை அழுத்தமாகவும் தேவையற்ற பளபளப்பின்றியும் தந்தது ஒரு காரணம். இருட்டில் வைத்துக் காத்தால் பன்னெடுங்காலம் மங்காதது மற்றொரு காரணம். சிலைடு விளக்கில் அடிக்கடி காட்டினால் பிற சுருள்களைவிட விரைவாக வெளுத்துவிடும் என்னும் குறையும் அதற்கு உண்டு. பெட்டியில் பூட்டி வைத்தவர்க்கே அது நீண்ட நாள் உழைத்தது.

அமெரிக்க அரசின் வேளாண்குடிப் பாதுகாப்புத் துறையும் போர்ச் செய்தித் துறையும் 1939 முதல் 1944 வரை எடுத்த வண்ணப்படங்கள் ஏறத்தாழ 1,600, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அக்காலத்து வறுமையைக் கருப்பு வெள்ளையிலேயே கண்டு பழகியவர்க்கு அப்படங்கள் வியப்பளிக்கும். நியூமெக்சிகோ மாநிலத்தின் பைடவுன் என்னும் சிற்றூரில் ரசல் லீ 1940இல் எடுத்தவற்றில் உழவர் குடும்பத்தின் வண்ண உடைகளும் செம்மண்ணும் நேற்றுக் கண்டன போல் விளங்குகின்றன. பழங்காலம் சாம்பல் நிறமானது என்னும் எண்ணம் சுருளின் குறையால் வந்ததே என்பது அவற்றைக் கண்டால் புரியும்.

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டதை ஆபிரகாம் சப்ரூடர் என்பவர் தம் வீட்டுக் கேமராவில் பதிவுசெய்தார். 26 நொடிகளே ஓடும் அப்பதிவு 8 மி.மீ. கோடாக்ரோம் சுருளில் அமைந்தது. அன்றே அது கழுவப்பட்டது. டல்லாஸிலேயே கோடாக் கழுவுகூடம் ஒன்று இருந்ததால் அது கைகூடிற்று. ஆப்கானியச் சிறுமி ஒருத்தியின் பச்சை விழிகளை உலகறியச் செய்த ஸ்டீவ் மக்கரியின் படமும் கோடாக்ரோமில் எடுக்கப்பட்டதே. 1984இல் பாகிஸ்தானின் அகதிகள் முகாமில் எடுத்த அப்படம் அடுத்த ஆண்டு ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழின் அட்டையில் வந்தது.

[தெரிந்து தெளிவோம்: 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் நார்கே பனிக்கோடரியை உயர்த்தி நிற்கும் படத்தை எட்மண்ட் ஹிலாரி எடுத்தார். அவர் கேமராவில் இருந்தது கோடாக்ரோம் சுருள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செந்நிறப் பாறைகள் நிறைந்த பள்ளத்தாக்கு ஒன்றுக்கும் இச்சுருளின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.]

சரிவு

டிஜிட்டல் கேமரா வந்து படச்சுருளை ஒழித்தது என்று பலரும் சொல்வர். கோடாக்ரோமைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. டிஜிட்டல் கேமரா கடைத்தெருவுக்கு வருவதற்கு முன்பே அதன் வழி குறுகத் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் தொடக்கத்தில் சுருளின் விலையோடு கழுவும் கட்டணமும் சேர்த்தே வாங்கப்பட்டது. இது வணிகப் போட்டியைத் தடுக்கிறது என அரசு வழக்குத் தொடுத்ததால், 1954 முதல் இரண்டும் பிரிக்கப்பட்டன. பிற கூடங்களும் கழுவலாம் என்றாயிற்று. எனினும் செலவு மிக்க அந்த எந்திரத்தை நிறுவ முன்வந்தோர் சிலரே. உலகெங்கும் மிகுதியாக இருந்த காலத்திலேயே கோடாக்ரோம் கழுவுகூடங்கள் ஏறத்தாழ 25தான். இதற்கிடையில் அதே கோடாக் நிறுவனத்தின் எக்டாக்ரோமும், 1990இல் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் வெளியிட்ட வெல்வியாவும் நிறத்தில் போட்டியிட்டன. அவற்றை எந்த நகரத்திலும் சில மணி நேரத்தில் கழுவி வாங்கலாம். கோடாக்ரோமுக்கோ அஞ்சலில் அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். செய்தியிதழ்கள் காத்திருக்க விரும்பவில்லை. சுருள்கள் குறையவே கூடங்கள் மூடப்பட்டன. கூடங்கள் மூடப்படவே மேலும் பலர் அச்சுருளைக் கைவிட்டனர்.

முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவரும் கோடாக் நிறுவனத்தின் பொறியாளரே. 1975இல் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய அக்கருவி ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. சுருள் விற்று வாழ்ந்த நிறுவனம் அதைப் பெரிதாக வளர்க்கவில்லை. 2012 சனவரியில் கோடாக் நொடிப்பு நிலைப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அந்நிறுவனத்தின் கதை தனியே பேசத்தக்கது.

கோடாக்ரோம் வகைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. ஒளியுணர்வு எண் 25 கொண்டது நின்றது; வீட்டுத் திரைப்படச் சுருள் 2005இல் நின்றது; 200 எண் கொண்டதும் நின்றது. எஞ்சிய 64 எண் சுருளும் இனிச் செய்யப்படாது என 2009 சூன் 22 அன்று கோடாக் அறிவித்தது. நிறுவனத்தின் ஒளிப்படச்சுருள் விற்பனையில் கோடாக்ரோமின் பங்கு அப்போது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது.

பார்சன்ஸ் நகரின் கடைசி எந்திரம்

சுருள் செய்வது நின்றாலும் மக்களிடம் சுருள்கள் இருந்தன. குளிர்பெட்டியில் சேர்த்து வைத்தோர் பலர். அவற்றைக் கழுவும் இடமோ உலகில் ஒன்றே ஒன்று. சுவிட்சர்லாந்து, ஜப்பான் எனப் பிற நாட்டுக் கூடங்கள் எல்லாம் மூடப்பட்டபின், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்னும் சிறுநகரத்தில், 1956இல் தொடங்கிய ‘டுவைன்ஸ் ஃபோட்டோ’ என்னும் குடும்ப நிறுவனம் மட்டும் எஞ்சியது. அதற்கும் சாயப்பொருள்களைக் கோடாக்கே செய்தளித்து வந்தது. அவற்றைச் செய்வதும் நின்றதால், 2010 திசம்பர் 30 வரை வந்து சேரும் சுருள்களை மட்டும் கழுவுவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

தொழிற்சாலையில் உருவான இறுதிச் சுருள்களுள் ஒன்றைக் கோடாக் ஸ்டீவ் மக்கரியிடம் கொடுத்தது. தம் வாழ்நாளில் அச்சுருளில் எட்டு லட்சம் படங்கள் எடுத்தவர் எனச் சொல்லப்படும் அவர் கையில் இப்போது இருந்தவை 36 படங்கள். ஒன்றும் வீணாகக் கூடாது என்பதால், முதலில் டிஜிட்டல் கேமராவில் எடுத்து ஒளியைச் சரிபார்த்துவிட்டுப் பின்னர் சுருளில் எடுத்தார். எந்தக் கருவி சுருளை ஓய்வுக்கு அனுப்பியதோ அதே கருவி கடைசிச் சுருளுக்குத் துணை நின்றது. நியூயார்க்கில் தொடங்கிய அவர் இந்தியாவுக்கு வந்தார். மும்பையில் அமிதாப் பச்சன், ஆமிர்கான், நந்திதா தாஸ் ஆகியோரையும், ராஜஸ்தானில் மேய்ச்சல் தொழில் செய்யும் ராபாரி மக்களையும் எடுத்தார். 2010 சூலையில் பார்சன்ஸ் நகருக்குத் தாமே நேரில் சென்று சுருளைக் கொடுத்தார். அஞ்சலை நம்ப அவர் மனம் ஒப்பவில்லை போலும். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்திலும் அவர் படம் எடுத்தார். அப்படங்கள் இன்று ராச்செஸ்டரில், ஈஸ்ட்மன் வாழ்ந்த இல்லத்தில் அமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளன.

புகழ்பெற்றவர் கதை இது. அவ்வாண்டின் இறுதி வாரத்தில் பார்சன்ஸுக்கு வந்தவர்களோ பெரும்பாலும் பெயர் அறியப்படாதவர்கள். லண்டனிலிருந்து சில சுருள்களோடு வானூர்தியில் வந்தவர் உண்டு. ஆர்கன்சாஸ் மாநிலத்து ரயில்வே தொழிலாளி ஒருவர் 1,580 சுருள்களைக் கழுவக் கொடுத்து, அவற்றைப் பெற்றுச்செல்லத் தம் வண்டியில் வந்திருந்தார். அதற்கு அவர் செலுத்திய கட்டணம் ஏறத்தாழ 15,800 டாலர். அவர் எடுத்தவை ஏறக்குறைய எல்லாமே ரயில்களின் படங்கள். அஞ்சலிலும் சுருள்கள் குவிந்தன. வந்தவற்றை முடிக்க 2011 சனவரி நடுப்பகுதி வரை எந்திரம் ஓடியது. கடைசியாகக் கழுவப்பட்ட சுருளை நிறுவன உரிமையாளரே எடுத்திருந்தார். தம் வீடு, குடும்பம், ஊர்த்தெரு ஆகியவற்றை எடுத்தபின், ஊழியர் அனைவரையும் கடை வாயிலில் நிற்கவைத்து இறுதிப் படத்தை எடுப்பது அவர் திட்டம். பின்னர் எந்திரம் பழைய இரும்பாக விற்கப்பட இருந்தது. உலகில் அதுபோல வேலை செய்யும் எந்திரம் வேறு இல்லாத நிலையிலும், எடைக்குப் போடுவதைத் தவிர அதற்கு வேறு பயன் இருக்கவில்லை.

உதகையின் ‘இந்து’

இத்தகைய முடிவு நம் நாட்டிலும் நேர்ந்தது. இந்திய அரசு 1960இல் உதகமண்டலத்தில் ‘இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்’ என்னும் பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியது. பால்மம் பூசும் வேலைக்குத் தூசியற்ற காற்றும் குளிர்ந்த சூழலும் வேண்டும் என்பதால் நீலகிரி ஏற்றதாயிற்று. பிரான்சு நாட்டு பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்னும் வணிகப்பெயரில் கருப்பு வெள்ளைச் சுருள்களும், ஒளிப்படத் தாள்களும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே படலங்களும் அங்கிருந்து வந்தன. கூடலூர்ச் சாலையில் அது அமைந்த பகுதிக்கு இந்து நகர் என்றே பெயர்.

திரையுலகமும் ஸ்டுடியோக்களும் வண்ணத்துக்கு மாறியபோது கருப்பு வெள்ளையின் தேவை சரிந்தது. தொண்ணூறுகளில் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் உற்பத்தி நின்று, ஊழியர் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டனர். முழு இருட்டில் கையுணர்வாலேயே படலத்தை அறிந்து வேலை செய்த அவர்களது பயிற்சி, வேறு எந்தத் தொழிலிலும் அப்படியே பயன்படக் கூடியதன்று. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. ‘இந்து’ சுருள் கழுவப்படாமல் எங்கேனும் கிடைத்தால், எளிய கருப்பு வெள்ளைக் கரைசலில் அதை இன்றும் கழுவிப் பார்க்கலாம்.

மீண்டதும் மீளாததும்

நிறுத்தப்பட்ட சுருள்கள் எல்லாம் மீளாமல் போய்விடவில்லை. 2012இல் கோடாக் நிறுத்திய எக்டாக்ரோம் 2018இல் மீண்டும் கடைகளுக்கு வந்தது. இளைஞர் பலர் பழைய கேமராக்களைத் தேடி எடுத்ததால் சுருளுக்குத் தேவை கூடியிருந்தது. அதைக் கழுவும் ‘ஈ-6’ முறையோ இடைக்காலத்திலும் நிற்கவில்லை. ஃபியூஜி சுருள்களுக்காக உலகின் பல கூடங்கள் அக்கரைசல்களைக் கலந்துகொண்டே இருந்தன. ஆகவே சுருளை மட்டும் செய்தால் போதுமானதாயிற்று. கோடாக்ரோமையும் மீட்க வேண்டும் என்று அன்பர்கள் கேட்காமல் இல்லை. அதற்குச் சுருளோடு சாயப்பொருள்களையும், எந்திரத்தையும், அதை இயக்க அறிந்தவர்களையும் மறுபடி உருவாக்க வேண்டும். அவற்றுக்கெல்லாம் ஈடுசெய்யும் அளவு சுருள் விற்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல எவராலும் முடியவில்லை. தனி ஆர்வலர் சிலர் தம் வீட்டிலேயே கரைசல் கலந்து ஓரளவு வண்ணம் வரச் செய்துள்ளனர். அது பிறர்க்குக் கிடைக்கும் தொழிலாக மாறவில்லை.

தாத்தாவின் தோல்பெட்டியிலும் பழைய கேமராவின் வயிற்றிலும் கழுவப்படாத கோடாக்ரோம் சுருள்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைக் கருப்பு வெள்ளைக் கரைசலில் கழுவித் தரும் கூடங்கள் வெளிநாடுகளில் சில உள்ளன. அவ்வாறு கழுவினால் முகம் தெரியும். சேலையின் நிறம் தெரியாது. மூன்று அடுக்குகளும் ஒருசேரக் கரிய வெள்ளியாகிவிடுவதால், எது நீலத்தின் பதிவு, எது சிவப்பின் பதிவு என்று அதன்பின் பிரித்தெடுக்கவும் இயலாது. நிறம் வேண்டுமென்றால் என்றேனும் ஒருநாள் அம்முறை திரும்பும் எனக் கழுவாமல் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் வெப்பமும் ஈரமும் வேலை செய்கின்றன. வெள்ளி அணுக்கள் சிலவற்றால் ஆன உள்ளுறைப் படிமம் ஆண்டுதோறும் மங்குகிறது. சுருள் வைத்திருப்பவர் முகத்தை இப்போதே பெற்றுக்கொள்வதா, நிறத்துக்காக முகத்தையும் இழக்கத் துணிவதா என்று தீர்மானிக்க வேண்டியவராய் இருக்கிறார்.